அறுபதாயிரத்தில் ஒரு கேமிங் சிஸ்டம்: எந்த ரூபாய் எங்கே போகிறது?

கேமிங் கம்ப்யூட்டர் வாங்க 60,000 ரூபாயோடு சென்னை ரிச்சி தெருவுக்குள் நுழைகிறவர், கணக்குப் பார்த்தால் 50,847 ரூபாய்க்குத்தான் பொருள் வாங்குகிறார். மீதி 9,153 ரூபாய் ஜி.எஸ்.டி. பிராசஸர், மதர்போர்டு, ரேம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எம்.பி.எஸ். எல்லாவற்றுக்கும் 18 சதவீதம். வரியை நம்மால் குறைக்க முடியாது. ஆனால் கையில் நிற்கும் அந்த 50,847-ல் எவ்வளவு திரையில் படமாக மாறுகிறது, எவ்வளவு மாறாமலே போகிறது என்பதை முடிவு செய்வது முழுக்க நம் கையில் இருக்கிறது. ஒரு நடுத்தரக் குடும்பத்தில் இது இரண்டு மாதச் சேமிப்பாகவோ, பையனின் ஒரு வருடப் பகுதிநேரச் சம்பளமாகவோ இருக்கும். அதனால் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகப் பார்ப்பதுதான் நியாயம்.

இன்ஜினியரிங் முதலாண்டு சேர்ந்திருக்கும் என் அக்கா மகன், ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சுற்றிவிட்டு ஒரு கொட்டேஷன் வாங்கி வந்தான். "எல்லா கேமும் ஓடும்னு சொன்னாங்க மாமா" என்று நீட்டினான். அந்தச் சீட்டையே அடிப்படையாக வைத்துக்கொள்கிறேன். விலைகள் 2025 நடுவில் இருந்தவை, நூறுகளில் முழுமையாக்கியிருக்கிறேன். கடைக்குக் கடை ஐந்நூறு, ஆயிரம் முன்னே பின்னே இருக்கும்.

பிராசஸர், இன்டெல் கோர் ஐ5-12400எஃப்: 10,500
மதர்போர்டு, எச்610: 7,000
ரேம், டிடிஆர்4, 16 ஜிபி, ஒரே ஸ்டிக்: 3,300
எஸ்.எஸ்.டி., 500 ஜிபி என்.வி.எம்.இ.: 3,000
கிராபிக்ஸ் கார்டு, ஆர்.டி.எக்ஸ். 3050, 6 ஜிபி: 17,000
கண்ணாடிக் கேபினெட், உள்ளேயே 500 வாட் எஸ்.எம்.பி.எஸ்.: 4,500
லிக்விட் கூலர்: 4,500
மானிட்டர், 24 அங்குலம், 100 ஹெர்ட்ஸ்: 8,500
கலர் லைட் கீபோர்டு, மவுஸ்: 1,700
மொத்தம்: 60,000

மோசடி எதுவும் இல்லாத சீட்டு இது. எல்லாமே புதுப் பொருள், எல்லாவற்றுக்கும் வாரண்டி உண்டு. ஆனாலும் இதில் சுமார் 8,000 ரூபாய் தவறான வரிகளில் உட்கார்ந்திருக்கிறது.

திரையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் மற்ற எல்லாத் தேவைகளையும் தீர்மானிப்பது அதுதான். ஃபுல் எச்.டி. மானிட்டரில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 படம் வேண்டுமென்றால் கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு 12.44 கோடி புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி நொடி. 2560 × 1440 திரைக்குப் போனால் புள்ளிகள் 36,86,400 ஆகின்றன. வேலை 78 சதவீதம் கூடுகிறது, கார்டு அதேதான். 4கே திரையில் சரியாக நான்கு மடங்கு. பட்ஜெட் இறுக்கமாக இருக்கும்போது பெரிய ரெசொல்யூஷன் மானிட்டர் வாங்குவது கார்டின் மேல் சுமையை ஏற்றுவதில்தான் முடியும். 24 அங்குல ஃபுல் எச்.டி., 100 ஹெர்ட்ஸ் என்று கடைக்காரர் எழுதியது சரியான தேர்வு. அந்த 8,500-ஐத் தொடவேண்டாம்.

இனி 17,000 ரூபாய் கிராபிக்ஸ் கார்டு. ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு கார்டுகள் விற்கின்றன. 2022 ஜனவரியில் வந்தது 8 ஜிபி கார்டு: 2,560 கோர்கள், 128 பிட் பாதை, மெமரியிலிருந்து நொடிக்கு 224 ஜிபி எடுக்கும் வேகம். 2024 பிப்ரவரியில் வந்தது 6 ஜிபி கார்டு: 2,304 கோர்கள், 96 பிட் பாதை, நொடிக்கு 168 ஜிபி. பெயரில் 3050 அப்படியே இருக்க, வேகத்தில் கால்பங்கு போய்விட்டது. சீட்டில் இருப்பது இரண்டாவது.

அதற்குப் பதிலாக நான் பார்த்தது ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6600. இது 2021 அக்டோபரில் 329 டாலர் விலையில் வெளிவந்தது. டாலர் 75 ரூபாய் என்று வைத்து, 18 சதவீத வரியையும் சேர்த்தால் அன்றைய கணக்கில் 29,000 ரூபாயைத் தாண்டும். கிரிப்டோ மைனிங்குக்காகக் கார்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கிக்கொண்டிருந்த காலம் என்பதால் அந்த விலைக்கே கிடைப்பதும் கடினமாக இருந்தது. 2022 செப்டம்பரில் எதீரியம் தன் முறையை மாற்றி, கிராபிக்ஸ் கார்டு மைனிங்குக்கு முடிவு கட்டியபின் சந்தை இறங்கியது. 2025 நடுவில் அதே கார்டு 20,500 ரூபாய் அளவில் கிடைத்தது. 8 ஜிபி மெமரி, நொடிக்கு 224 ஜிபி, கூடவே சிப்புக்குள் 32 எம்பி கேஷ்.

இரண்டுக்கும் விலை வித்தியாசம் 3,500 ரூபாய், அதாவது 20.6 சதவீதம். மெமரி அளவில் வித்தியாசம் 33.3 சதவீதம், மெமரி வேகத்திலும் 33.3 சதவீதம். நொடிக்கு ஒரு ஜிபி வேகத்துக்கு 3050-ல் 101 ரூபாய் ஆகிறது, 6600-ல் 91.50. அந்த 2 ஜிபி கூடுதல் மெமரி வெறும் சௌகரியமும் இல்லை. 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்', 2025 மே மாதம் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' இரண்டுமே குறைந்தபட்சத் தேவையாக 8 ஜிபி கார்டைக் கேட்கின்றன, இரண்டு பட்டியலிலும் ஆர்.எக்ஸ். 6600 பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. 6 ஜிபி கார்டு அந்த வாசலுக்கு வெளியே நிற்கிறது. "எல்லா கேமும் ஓடும்" என்ற வாக்குறுதி அங்கேயே உடைகிறது.

ஒரே ஓர் எண்ணை வைத்துக் கார்டு வாங்கக் கூடாது என்பதற்கும் இதே இடத்தில் சான்று இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் ஏராளமாகக் கிடைக்கும் ஜி.டி.எக்ஸ். 1660 சூப்பர், 2019-ல் வந்தது. அதன் மெமரி வேகம் நொடிக்கு 336 ஜிபி. 6600-ஐ விட 50 சதவீதம் அதிகம். ஆனால் ரே டிரேசிங்குக்கான வன்பொருள் அதில் இல்லை. மேலே சொன்ன இரண்டு விளையாட்டுகளும் அந்த வன்பொருள் இல்லாத கார்டை ஏற்பதில்லை. இன்டெல்லின் ஆர்க் பி580-ஐ எடுத்துக்கொண்டால் 12 ஜிபி மெமரி, நொடிக்கு 456 ஜிபி. விலையை 26,000 என்று வைத்தால் ஒரு ஜிபி வேகத்துக்கு 57 ரூபாய்தான். கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் அதன் டிரைவர் பிராசஸர் மேல் ஏற்றும் சுமை அதிகம். நடுத்தர பிராசஸரோடு சேரும்போது தாளில் இருக்கும் வேகம் திரைக்கு முழுதாக வருவதில்லை. போர்டில் ரீசைசபிள் பார் வசதியும் கட்டாயம் வேண்டும். என் கணக்கில் அது 75,000 ரூபாய் சிஸ்டத்துக்குப் பொருந்தும் கார்டு.

ஆர்.எக்ஸ். 6600-க்கும் வயதாகிறது என்பதை மறைக்கக் கூடாது. 2025 இலையுதிர்காலத்தில் ஏ.எம்.டி. தன் ஆர்.எக்ஸ். 5000, 6000 வரிசைகளைத் தனி டிரைவர் கிளைக்கு மாற்றியது. எதிர்ப்பு வந்தபின் புதிய விளையாட்டுகளுக்கான ஆதரவு தொடரும் என்று விளக்கம் தந்தது. நான்கு ஆண்டு வைத்துக்கொள்ள வேண்டும், இன்னும் நாலைந்தாயிரம் புரட்ட முடியும் என்றால் ஆர்.எக்ஸ். 7600 நல்ல அடுத்த படி: 8 ஜிபி, நொடிக்கு 288 ஜிபி, 165 வாட். புரட்ட முடியாதவர்களுக்கு 6600 போதும்.

"4 ஜிபி கார்டு" என்று மெமரி அளவை மட்டும் சொல்லி விற்கும் பழைய ஜி.டி. 730 இன்னும் கடைகளில் இருக்கிறது. 64 பிட் டிடிஆர்3 வகையில் அதன் வேகம் நொடிக்கு 14.4 ஜிபி. 6600-ல் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆபீஸ் சிஸ்டத்தில் இரண்டாவது மானிட்டர் மாட்ட உதவும். விளையாட்டுக்கு அதில் ஒரு ரூபாயும் போடவேண்டாம்.

அடுத்தது, கேபினெட்டுக்குள் இலவசம்போல் வரும் 500 வாட் எஸ்.எம்.பி.எஸ். இந்தச் சீட்டில் எனக்கு உண்மையில் கவலை தந்த வரி இதுதான். பையனைக் கூட்டிக்கொண்டு போய், பெட்டியைத் திறந்து, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படிக்கச் சொன்னேன். மேலே பெரிய எழுத்தில் 500 வாட். கீழே சிறிய கட்டத்தில் +3.3 வோல்ட், +5 வோல்ட், +12 வோல்ட் என்று வரிசை. +12-க்குக் கீழே 16 ஆம்பியர். 12 × 16 = 192. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட் வரியிலிருந்துதான். ஆக விளையாட்டுக்கு அந்த எஸ்.எம்.பி.எஸ். தருவது 192 வாட். வெளியே எழுதிய 500-க்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

இப்போது சீட்டைக் கூட்டிப் பாருங்கள். ஐ5-12400எஃப் உச்சத்தில் 117 வாட். ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜிபி, 70 வாட். தனி மின் இணைப்பே தேவையில்லை, போர்டின் ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து 187. மிச்சம் 5 வாட். விசிறி சுற்றவே அது போய்விடும். 6 ஜிபி 3050-ஐக் கடைக்காரர் தேர்ந்தெடுத்த காரணம் இங்கே விளங்குகிறது. மலிவு எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஓடக்கூடிய கார்டு அதுதான். ஆர்.எக்ஸ். 6600-க்கு 132 வாட் வேண்டும், ஒரு 8 பின் இணைப்பும் வேண்டும். 117-ஐயும் 132-ஐயும் கூட்டினால் 249; அந்த 192-ல் 57 வாட் பற்றாக்குறை. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மிச்சம் பிடித்த இரண்டாயிரம் ரூபாய், கார்டையும் சேர்த்துக் கீழே இழுத்துவிட்டது.

80 பிளஸ் பிரான்ஸ் சான்று பெற்ற 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். 4,000 ரூபாய். 12 வோல்ட் வரியில் 45 ஆம்பியர் இருந்தால் 540 வாட். நம் சிஸ்டம் முழுத் தேவையிலும் 300 வாட்டைத் தொடாது. பாதிச் சுமையில் ஓடும் எஸ்.எம்.பி.எஸ். சூடும் குறைவு, திறனும் அதிகம், பிரான்ஸ் தரத்தில் அந்த நிலையில் சுமார் 85 சதவீதம். மின்சாரம் விட்டு விட்டு வரும் ஊரில், மட்டமான எஸ்.எம்.பி.எஸ். வெடிக்கும்போது தனியாகப் போவதில்லை. 20,500 ரூபாய் கார்டுக்கும் 7,000 ரூபாய் போர்டுக்கும் அது ஒரே காவல். எவ்வளவு நெருக்கடி வந்தாலும் இந்த 4,000-ல் கை வைக்காதீர்கள்.

அந்தப் பணம் எங்கிருந்து வரும்? லிக்விட் கூலரிலிருந்து. 4,500 ரூபாய், மொத்த பட்ஜெட்டில் 7.5 சதவீதம். பெட்டியோடு வரும் ஐ5-12400எஃப்-ல் இன்டெல்லின் விசிறிக் கூலர் இருக்கிறது; விளையாடும்போது இந்த பிராசஸர் பெரும்பாலும் 65 வாட் அளவில்தான் நிற்கும், உச்சமே 117. அதற்கு அந்தக் கூலர் போதும். சென்னை மே மாத வெயிலில் அறை 36 டிகிரி இருந்தால் விசிறிச் சத்தம் கூடும், அவ்வளவுதான். தண்ணீர்க் குழாய் மாட்டுவதால் திரையில் ஒரு படமும் கூடாது. முன்பக்கம் கண்ணாடி மூடிய கேபினெட்டைவிட, வலைத்தகடு வைத்த 2,000 ரூபாய் கேபினெட்டில் காற்று நன்றாகப் போகும்; கூலருக்கு அது செய்யும் உதவி பெரிது.

ரேமில் கேள்வி கொஞ்சம் சிக்கலானது. டிடிஆர்4-3200 ஒரு ஸ்டிக், நொடிக்கு 25.6 ஜிபி தரும். இரண்டு 8 ஜிபி ஸ்டிக் போட்டால் இரண்டு பாதையும் திறந்து 51.2. அளவு அதே 16 ஜிபி, விலை 200 ரூபாய் கூட, வேகம் இரட்டிப்பு. கடைக்காரர் ஒரே ஸ்டிக் தருவதற்கு ஒரு நியாயம் சொல்வார்: எச்610 போர்டில் இரண்டே ஸ்லாட், ஒன்றைக் காலியாக விட்டால் பின்னால் இன்னொரு 16 போட்டு 32 ஆக்கலாம். ஆறு மாதத்தில் போடுவது உறுதி என்றால் அவர் சொல்வது சரி. ஆனால் அறுபதாயிரத்துக்குத் திணறும் வீட்டில் அந்த "பின்னால்" எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்வரை ஒவ்வொரு நாளும் பாதி வேகத்தில்தான் ஓடும். கூட்டமான காட்சிகளில் படம் தட்டுத் தடுமாறுவது பெரும்பாலும் இதனால்தான். நான் 8 + 8 என்றே எழுதினேன்.

எஸ்.எஸ்.டி. கணக்கு எளிது, ஆனால் கசப்பு. 500 ஜிபி என்று விற்பது விண்டோஸில் 465 என்று காட்டும். விண்டோஸ் 11 குறைந்தது 64 ஜிபி கேட்கிறது. மிச்சம் 401. 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' 150 ஜிபி, 'பால்டர்ஸ் கேட் 3' 150, 'ஆலன் வேக் 2' 90, கூட்டினால் 390. 'சைபர்பங்க் 2077'-க்கு 70 வேண்டும், இடமில்லை. மூன்று பெரிய விளையாட்டுக்கு மேல் வைக்க முடியாது. இன்னும் 2,000 ரூபாய் போட்டால் 1 டிபி கிடைத்து, 931 ஜிபியாகக் காட்டும். ஆசை இருந்தும் அந்த இரண்டாயிரத்தை நான் போடவில்லை. எஸ்.எஸ்.டி. ஒன்றுதான், பிறகு சேர்க்கும்போது பழையது வீணாகாத பொருள். தீபாவளிக்கு ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி. வாங்கி மாட்டிக்கொள்ளலாம். கார்டையோ எஸ்.எம்.பி.எஸ்.ஸையோ அப்படிச் சேர்க்க முடியாது. கழற்றி, பாதி விலைக்கு விற்று, புதிதாக வாங்க வேண்டும்.

ஆகத் திருத்திய சீட்டு: பிராசஸர் 10,500, போர்டு 7,000, ரேம் 3,500, எஸ்.எஸ்.டி. 3,000, கிராபிக்ஸ் கார்டு 20,500, எஸ்.எம்.பி.எஸ். 4,000, கேபினெட் 2,000, மானிட்டர் 8,500, சாதாரண கீபோர்டு மவுஸ் 1,000. கூட்டினால் அதே 60,000. கார்டின் பங்கு 28.3 சதவீதத்திலிருந்து 34.2 ஆனது; கூலருக்கும் வண்ண விளக்குகளுக்கும் போன பணம் கார்டுக்கும் மின்சாரத்துக்கும் போனது. பிராசஸரை ஏ.எம்.டி. ரைசன் 5 5600 என்று மாற்றினாலும் கணக்கு ஏறக்குறைய இதேதான்: இரண்டிலும் 6 கோர், 12 திரெட். பெயர் ஒட்டியிருக்கும் ரைசன் 5 5500-ஐ மட்டும் கவனியுங்கள். கேஷ் 32-க்குப் பதில் 16 எம்பி, பி.சி.ஐ.இ. நான்காம் தலைமுறைக்குப் பதில் மூன்றாம் தலைமுறை. ஆர்.எக்ஸ். 6600 எட்டுப் பாதைகளை மட்டும் பயன்படுத்துகிற கார்டு. 5500-ல் அதற்கும் பிராசஸருக்கும் இடையிலான வழி நொடிக்கு 15.8 ஜிபியிலிருந்து 7.9 ஆகச் சுருங்கும்.

இந்தக் கார்டின் பலத்தை இன்னும் கொஞ்சம் நீட்டவும் வழியுண்டு. எஃப்.எஸ்.ஆர். என்ற வசதியை 'குவாலிட்டி' நிலையில் வைத்தால், கார்டு 1280 × 720-ல் படத்தைத் தீட்டி ஃபுல் எச்.டி.க்குப் பெரிதாக்கும். தீட்டும் புள்ளிகள் 9,21,600. முழு அளவில் 44.4 சதவீதம். 24 அங்குலத் திரையில் கூர்மை சற்றுக் குறைவதைக் கண் கண்டுகொள்ளும், ஆனால் ஓடாத விளையாட்டு ஓடும்.

சீட்டில் எழுதாத செலவுகளுக்கு வருவோம். 600 வி.ஏ. யு.பி.எஸ். 3,000 ரூபாய். அது தாங்குவது 360 வாட். உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி, அதாவது 84 வாட்-மணி. மானிட்டரையும் சேர்த்து 300 வாட் இழுத்தால் காகிதக் கணக்கில் 17 நிமிடம். அவ்வளவு வேகமாக இழுக்கும்போது ஈய பேட்டரி அதில் ஒரு பகுதியைத்தான் தரும். விளையாட்டைச் சேமித்து, சிஸ்டத்தை ஒழுங்காக அணைக்க அது போதும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்து, அதில் யு.பி.எஸ். மோடும் இருந்தால் இந்த 3,000 மிச்சம். இல்லையென்றால் எங்கே குறைப்பது? பிராசஸரில். ஐ3-12100எஃப், 4 கோர், 8 திரெட், 7,500 ரூபாய்; சரியாக 3,000 கிடைக்கிறது. அதே போர்டில் பின்னாளில் ஐ5 மாட்டிக்கொள்ளலாம் என்பதால் இந்த இறக்கம் நிரந்தரமானது இல்லை. மலிவு எச்610 போர்டுகளில் வைஃபை இருக்காது, அதற்கு யு.எஸ்.பி. டாங்கிள் 500 ரூபாய்.

விண்டோஸ் 11 ஹோம் உரிமம் சில்லறை விலையில் பத்தாயிரம் அளவில். பட்ஜெட்டில் ஆறில் ஒரு பங்கு! லினக்ஸ் போட்டு, ஸ்டீமின் புரோட்டான் வழியாக விளையாடுவது 2018 முதல் சாத்தியம். தனியாள் விளையாட்டுகளில் பெரும்பகுதி ஓடுகிறது. ஆனால் 'வேலரன்ட்' ஓடாது, அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸை ஏற்பதில்லை. நண்பர்களோடு சேர்ந்து ஆடுவதுதான் நோக்கம் என்றால் விண்டோஸ் செலவையும் முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். விளையாட்டு வாங்கும் செலவு மட்டும் நம் பக்கம் இருக்கிறது: 'வேலரன்ட்', 'கவுன்டர்-ஸ்ட்ரைக் 2', 'டோட்டா 2' மூன்றும் இலவசம், எபிக் ஸ்டோர் 2018 டிசம்பரிலிருந்து இலவச விளையாட்டுகள் தந்துவருகிறது, ஸ்டீமில் 2015 முதல் ரூபாயிலேயே விலை.

மின்கட்டணம் யாரும் எழுதாத வரி. 300 வாட், தினம் 3 மணி நேரம், இரண்டு மாத பில்லுக்கு 60 நாள்: 54 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் பாதிக்கு மேல் இந்த ஒரு பெட்டிக்கே போகிறது. யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் பில்லுக்கு 324, ஆண்டுக்கு 1,944, நான்கு ஆண்டுக்கு 7,776. மானிட்டர் விலைக்கு அருகில் வந்துவிட்டது.

அறுபது புரளாதவர்களுக்கு ஒரு கணக்கு. ரைசன் 5 5600ஜி, கிராபிக்ஸ் உள்ளேயே உள்ள பிராசஸர், 12,000; ஏ520 போர்டு 5,500; 8 + 8 ரேம் 3,500; எஸ்.எஸ்.டி. 3,000, அதே 4,000 ரூபாய் எஸ்.எம்.பி.எஸ்.; கேபினெட் 2,000. மானிட்டர் நீங்கலாக 30,000. இதற்குத் தனி மெமரி கிடையாது, ரேமின் 51.2 ஜிபியைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரே ஸ்டிக் போட்டால் 25.6 ஆகி, மூச்சுத் திணறும். 'வேலரன்ட்' போன்ற இலகுவான விளையாட்டுகள் நன்றாக ஓடும். எஸ்.எம்.பி.எஸ்.ஸை முதலிலேயே ஒழுங்காக வாங்கியிருப்பதால் அடுத்த வருடம் ஒரு கார்டு மாட்டலாம். ஹாஸ்டலுக்குத் தூக்கிப் போக வேண்டும் என்பவர்கள் லேப்டாப்தான் வாங்க வேண்டியிருக்கும், அதில் ஆர்.டி.எக்ஸ். 2050 என்று எழுதியிருந்தால் மெமரி 4 ஜிபி, வேகம் 112, ஆர்.எக்ஸ். 6600-ல் சரிபாதி என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இத்தனை கணக்கையும் 2025 இறுதி ஒரு வரியில் கலைத்தது. ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதில் ரேம் விலை சில மாதங்களில் இரண்டு மடங்கைத் தாண்டியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், தன் குருஷியல் என்ற நுகர்வோர் வியாபாரத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. 3,500 ரூபாய் ரேம் வெறும் இரட்டிப்பு என்று வைத்தாலும் 7,000. ஏறிய 3,500, நாம் அரும்பாடுபட்டு மேலே கொண்டுவந்த இரண்டு கார்டுகளின் விலை வித்தியாசத்துக்குச் சமம். இந்த நிலையில் என் யோசனை, பழைய ரேம். ஆபீஸ்களிலிருந்து கழித்துவிடும் டெஸ்க்டாப்களில் இன்டெல் ஆறாம் தலைமுறைக்குப் பிந்தைய பலவற்றில் இருப்பது இதே டிடிஆர்4 ஸ்டிக்தான். 2014 காலத்து நான்காம் தலைமுறைப் பெட்டிகளில் இருப்பது டிடிஆர்3, அது பொருந்தாது. 2666 வேகத்தில் இரண்டு 8 ஜிபி கிடைத்தால் நொடிக்கு 42.6 ஜிபி, ஒரே புது ஸ்டிக்கின் 25.6-ஐ விட அதுவே மேல். செகண்ட் ஹேண்டில் வாங்க எனக்குத் தயக்கமில்லாத ஒரே பாகம் ரேம். அசையும் பாகம் இல்லை, தேய்மானம் இல்லை. ஒரு இரவு மெம்டெஸ்ட் ஓடவிட்டால் நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும். மைனிங்கில் உழைத்த கார்டை அப்படி ஒரு இரவில் சோதிக்க முடியாது.

முழு ஆபீஸ் பெட்டியையே வாங்கி, கார்டு மட்டும் மாட்டும் யோசனைக்கும் 2025 அக்டோபர் 14 ஒரு தடை போட்டது. அன்றோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டி.பி.எம். 2.0-வும் வேண்டும். விண்டோஸ் 11-ல் 'வேலரன்ட்' அந்த டி.பி.எம்.மைக் கட்டாயமாகக் கேட்கிறது. ஐ7 என்ற பெயரைப் பார்த்து நான்காம் தலைமுறைப் பெட்டிக்குப் பணம் கொடுக்கிற பிள்ளைகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சிஸ்டம் வீட்டுக்கு வந்தபின் பணமே இல்லாமல் கிடைக்கும் வேகம் இரண்டு இடத்தில் இருக்கிறது. மானிட்டர் கேபிளைப் போர்டில் உள்ள துளையில் செருகாமல், கீழே கார்டில் உள்ள துளையில் செருக வேண்டும். விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸ் என்று நிற்பதை 100 ஆக்க வேண்டும். இல்லையென்றால் 8,500 கொடுத்து வாங்கிய திரை 16.7 மில்லி நொடிக்கு ஒருமுறைதான் மாறும், 10 மில்லி நொடிக்கு ஒருமுறை மாறவேண்டியது.

கடையில் "பில் வேண்டாம்னா விலை குறைச்சுக்கலாம் தம்பி" என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கார்டுக்கும் பெட்டி பிராசஸருக்கும் பொதுவாக மூன்று ஆண்டு வாரண்டி; அதைக் கேட்டு வாங்க ஜி.எஸ்.டி. பில் வேண்டும். அதில் கார்டின் சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். பெட்டியில் உள்ள எண்ணும் கார்டின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று கடையிலேயே பார்த்துவிட்டு, அதன்பின் பணத்தை எண்ணிக் கொடுங்கள்.